சேர்ந்து எழுதும் கதையிலிருந்து விடைபெறுவது எப்படி: சோர்ந்துபோன ரோல்பிளே எழுத்தாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆன்லைனில் பல பேர் சேர்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக இருந்து ஒரே கதையை எழுதிக்கொண்டு போவது தனியாக எழுதுவது போல் அல்ல. தனியாக எழுதுகிறவர் பாதியில் நிறுத்தினால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. இப்படிச் சேர்ந்து எழுதும் ரோல்பிளேயில் நீங்கள் நிறுத்தினால், கதவைத் திறந்து உள்ளே வந்த உங்கள் கேரக்டர் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று இன்னொருவர் காத்துக்கொண்டிருப்பார். இந்த ஆட்டத்தின் சுகமே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. சோர்வு வந்த பிறகு அதுவே பெரிய பாரமாகவும் ஆகிவிடுகிறது.

சோர்ந்துபோனவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு நாள் சத்தமில்லாமல் காணாமல் போவார்கள். இல்லையென்றால் "இந்த ஆர்க் (கதையின் ஒரு பகுதி) முடியட்டும், அப்புறம் போகிறேன்" என்று மாதக்கணக்கில் தங்களை இழுத்துக்கொண்டு போவார்கள். முதலாவது மற்றவர்களை வதைக்கும், இரண்டாவது உங்களை வதைக்கும். கூட எழுதியவர்களுக்கு உங்களிடமிருந்து இப்போது தேவைப்படுவது தெளிவான பதில் ஒன்று. இனி எனக்காகக் காத்திருக்க வேண்டாம், கதையை இந்த வழியில் நகர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். கீழே வரும் படிகள் எல்லாமே அந்தப் பதிலை ஒழுங்காகக் கொடுப்பதற்காகத்தான்.

படி 1: என்ன சோர்வு என்று பாருங்கள்

'பர்ன்அவுட்' என்ற சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். 1974-ல் அவர் எழுதிய கட்டுரை, இலவச மருத்துவமனைகளில் ஆர்வத்தோடு வேலை செய்தவர்கள் எப்படி எரிந்து தீர்ந்துபோகிறார்கள் என்பதைப் பற்றியது. அங்கே பலர் தன்னார்வலர்கள். சம்பளம் இல்லாமல் பிரியத்தினால் மட்டுமே செய்கிற காரியத்திலும் மனிதர் தீர்ந்துபோகலாம் என்பது அன்றே கவனிக்கப்பட்ட விஷயம். "இது வெறும் பொழுதுபோக்குதானே, இதில் என்ன களைப்பு?" என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 பட்டியல் பர்ன்அவுட்டை வேலை சார்ந்த ஒன்றாகவே வரையறுக்கிறது. அதை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. ஆனால் அது சொல்லும் மூன்று அடையாளங்கள் நமக்கும் உதவும்: சக்தி வற்றிப்போவது, செய்கிற காரியத்திலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, 'என்னால் சரியாகச் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம். ரோல்பிளேயில் இவை எப்படித் தெரியும்? த்ரெட்டை (ஒரு காட்சி நடக்கும் பதிவுத் தொடரை) திறப்பீர்கள், கடைசிப் பதிவைப் படிப்பீர்கள், எதுவும் எழுதாமல் மூடுவீர்கள். இதையே ஒரு நாளில் நாலு தடவை செய்வீர்கள். யாராவது டேக் செய்தால் எரிச்சல் வரும், அடுத்த நொடியே அந்த எரிச்சலுக்காக வெட்கமும் வரும். எனக்குத் தெரிந்து மிகத் துல்லியமான அறிகுறி ஒன்று உண்டு. கூட எழுதும் பார்ட்னர் அருமையாக ஒரு பதிவு எழுதியிருக்கிறார், அதைப் படித்ததும் சந்தோஷத்துக்குப் பதிலாக 'ஐயோ, இதற்கு இதே அளவில் பதில் எழுதணுமே' என்று மனம் கனக்கிறது என்றால், நீங்கள் உண்மையாகவே களைத்துவிட்டீர்கள்.

சோர்வு எங்கிருந்து வருகிறது என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கேரக்டர் இன்னும் உங்கள் மனதில் பேசிக்கொண்டிருக்கிறான், ஆனால் சர்வரை (குழு கூடி எழுதும் ஆன்லைன் இடத்தை) திறக்கத்தான் பிடிக்கவில்லை என்றால், பிரச்சினை குழுவிலோ அதை ஒழுங்குபடுத்தும் மாடரேட்டர் வேலையிலோ இருக்கிறது. அந்த வேலையை மட்டும் விட்டால் எழுத்து திரும்பி வரலாம். ஒரே ஒருவரின் த்ரெட் மட்டும் பாரமாக இருந்தால் அந்த ஒன்றை முடித்துக்கொண்டால் போதும். கேரக்டரே பேசவில்லை, எந்தக் காட்சியும் மனதில் வரவில்லை, வரவேண்டும் என்ற ஆசையும் இல்லை என்றால் கிளம்புகிற நேரம்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரோல்பிளே மட்டுமல்ல, சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் என்று எதிலுமே பிடிப்பு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால், சர்வரை விட்டு வெளியேறுவது அதற்கு மருந்தாகாது. மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். அதை முதலில் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

படி 2: தேதி போட்டு ஓய்வு எடுத்துப் பாருங்கள்

முடிவு எடுக்க முடியவில்லை என்றால் ஹையட்டஸ், அதாவது தற்காலிக ஓய்வு, அறிவியுங்கள். கண்டிப்பாகத் திரும்பும் தேதியோடு அறிவியுங்கள். 'கொஞ்ச நாள் வரமாட்டேன்' என்பது மற்றவர்களைத் தொங்கலில் விடும், உங்களுக்கும் தினமும் ஒரு குற்ற உணர்வைக் கொடுக்கும். இரண்டு வாரம் அல்லது ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டு, நோட்டிஃபிகேஷன் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். அந்த நாட்களில் எட்டிப் பார்க்காதீர்கள். படித்துக்கொண்டே பதில் எழுதாமல் இருப்பது ஓய்வாகாது.

திரும்பும் தேதி நெருங்கும்போது மனம் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். என்னென்ன நடந்ததோ என்ற ஆவல் வந்தால் நல்லது, குறைந்த த்ரெட்டுகளோடு திரும்புங்கள். வயிற்றைப் பிசைந்தால் அதுதான் உங்கள் பதில். அப்போது ஹையட்டஸை நீட்டாதீர்கள். ஒரு தடவை நீட்டினால் மறுபடியும் நீட்டத் தோன்றும். கடைசியில் அது சொல்லாமல் போனதற்குச் சமமாகிவிடும்.

படி 3: திறந்து கிடக்கும் த்ரெட்டுகளை எழுதி வையுங்கள்

ஒரு தாளில், நீங்கள் இருக்கும் எல்லாக் காட்சிகளையும் எழுதுங்கள். சேனல், உங்கள் கேரக்டர், கூட இருப்பவர், கதை எங்கே நிற்கிறது என்று ஒரு வரி. மனதில் மலை மாதிரி இருந்தது தாளில் ஏழெட்டு வரியாக இறங்கும். இதுவே ஒரு நிம்மதி.

அடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்வி: நான் எழுதாவிட்டால் இந்தக் காட்சியில் இன்னொருவரின் கேரக்டர் சிக்கிக்கொள்கிறதா?

உதாரணமாக, உங்கள் வைத்தியர் கேரக்டர் ஒரு போர்வீரனின் தோளில் தைத்த அம்பை எடுத்துக்கொண்டிருக்கிறார். அம்பு பாதி வெளியே வந்திருக்கிறது. அடுத்த வரி உங்களுடையது. நீங்கள் எழுதும்வரை அந்த வீரன் படுக்கையிலிருந்து எழ முடியாது. சர்வரில் வேறு ஒரு மூலையில் போர் தொடங்கினாலும் அவனை எழுதுகிறவர் அதில் சேர முடியாது. இப்படிப்பட்ட காட்சிக்குத்தான் முதல் கவனம் தர வேண்டும். அதே வைத்தியர் சந்தையில் யாரோடோ மூலிகை பேசிக்கொண்டிருந்த காட்சி அப்படியே நின்றால் யாருக்கும் நஷ்டமில்லை, 'பேசிவிட்டுப் பிரிந்தார்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் அழகாக முடிக்க வேண்டும் என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். சிக்கியிருப்பவரை விடுவித்தால் போதும்.

படி 4: நெருங்கிய பார்ட்னர்களிடம் முதலில் தனியாகச் சொல்லுங்கள்

மாதக்கணக்கில் உங்களோடு எழுதியவர் பொது அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள். ஒரு நாள் முன்னாலேயே தனி மெசேஜ் அனுப்புங்கள். முக்கியமான பார்ட்னர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்புவது நல்லது. செய்தி இப்படிப்பட்ட குழுக்களில் வேகமாகப் பரவும், காதில் விழுந்து தெரிந்துகொள்வது வலிக்கும்.

நீளமாக எழுத வேண்டியதில்லை. இந்த மாதிரி இருந்தால் போதும்:

"உன்கிட்டதான் முதல்ல சொல்றேன். நான் சர்வரை விட்டுப் போகப்போறேன். ரொம்ப நாளா எழுதவே முடியல, உட்கார்ந்தாலே களைப்பா இருக்கு. உன் மேலயோ நம்ம கதை மேலயோ எந்த வருத்தமும் இல்ல. அந்த அம்பு சீனுக்கு இந்த சனிக்கிழமைக்குள்ள ஒரு கடைசிப் பதிவு போட்டு உன் ஆளை எழுப்பி விட்டுடறேன். மத்த சீனையெல்லாம் உனக்குப் பிடிச்ச மாதிரி முடிச்சுக்கோ, என்கிட்ட கேட்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கிளம்பறேன்."

இதில் என்ன முடிவு, ஏன், என்ன செய்துவிட்டுப் போகிறீர்கள், என்றைக்கு என்று எல்லாம் இருக்கிறது. 'போகலாமா என்று யோசிக்கிறேன்' என்று எழுதினால், அவர் உங்களைத் தடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதாகவே எடுத்துக்கொள்வார்.

பதிலாக என்ன வரும்? பெரும்பாலும் அன்பான ஒரு வார்த்தை. சிலர் கொஞ்ச நாள் பேசாமல் இருப்பார்கள், விட்டுவிடுங்கள். சிலர் கெஞ்சுவார்கள்: "இந்த ஆர்க் முடியற வரைக்கும் மட்டும்." ரோல்பிளேயில் ஆர்க் முடிவதே இல்லை, ஒன்றின் வால் அடுத்ததன் தலையாக இருக்கும். நீங்கள் சொன்ன ஒரு கடைசிப் பதிவுக்கு மேல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அரிதாக, "நீ போனால் நான் உயிரோடு இருக்க மாட்டேன்" என்ற ரீதியில் ஒருவர் பேசலாம். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் தனியாகத் தாங்கவும் முயலாதீர்கள். அவருக்கு நெருக்கமான ஒருவருக்கும் அட்மினுக்கும் உடனே தெரியப்படுத்துங்கள். அவர் இருக்கும் நாட்டின் உதவி எண்ணைக் கொடுங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவசர சேவையை அழைக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தேவை பக்கத்தில் இருக்கும் மனிதர்களின் துணை. நீங்கள் சர்வரில் தங்குவது அந்தத் துணைக்கு ஈடாகாது.

படி 5: கேரக்டருக்கு ஒரு வழி செய்யுங்கள்

பலரும் அதிகம் தடுமாறுகிற இடம் இது. அந்தக் கேரக்டரோடு நீங்கள் வாழ்ந்திருக்கிறீர்கள். அவன் பேசும் விதம், கோபப்படும் விதம் எல்லாம் உங்களிடமிருந்து வந்தவை. அவனை விட்டுப் போவது ஒரு துக்கம்தான், அதை யாருக்கும் நியாயப்படுத்த வேண்டியதில்லை.

முதலில் பலருக்குத் தோன்றுவது, கேரக்டரைக் கொன்றுவிடலாம் என்பது. நான் பொதுவாக வேண்டாம் என்பேன். முக்கியமான ஒரு கேரக்டர் செத்தால் அடுத்த இரண்டு வாரம் எல்லோரும் அதைச் சுற்றியே எழுத வேண்டியிருக்கும். துக்கம், பழிவாங்கல், காலியான பதவிக்கு யார் என்ற கேள்வி எல்லாம் வரும். நடுவில் உங்களிடம் சந்தேகம் கேட்பார்கள். நீங்களோ கிளம்பிவிட்டீர்கள். பெரிய நெருப்பைப் பற்றவைத்துவிட்டுப் போனது போல் ஆகிவிடும். சாவுதான் சரியான முடிவு என்று உறுதியாகத் தோன்றினால், பாதிக்கப்படும் பார்ட்னர்களின் சம்மதத்தோடு செய்யுங்கள்.

ஊரை விட்டு அனுப்புவது எளிது, பெரும்பாலும் அழகாகவும் அமையும். அந்த வைத்தியரின் கடைசிப் பதிவு எவ்வளவு சின்னதாக இருக்கலாம் பாருங்கள்:

"அம்பின் முனையைத் தட்டில் போட்டார். கட்டை இறுக்கி முடிந்தார். 'பத்து நாள் இந்தக் கையால் வாளைத் தொடாதே. மருந்துப் பெட்டி சாவி உன் தங்கையிடம் இருக்கிறது, எந்தக் குப்பி எதற்கு என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.' தோளில் பையை மாட்டிக்கொண்டார். வடக்கே காய்ச்சல் பரவுகிறது என்று ஓலை வந்து மூன்று நாளாகிறது."

நாலைந்து வரி. வீரன் எழுந்துவிட்டான், வைத்தியம் தெரிந்த இன்னொருத்தி கதைக்குக் கிடைத்துவிட்டாள், வைத்தியர் போனதற்கும் காரணம் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பிடித்தால் வடக்கே அவரைத் தேடிப்போகும் கதையைக்கூட எழுதிக்கொள்ளலாம்.

கேரக்டரை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம், அல்லது ஜிஎம் (கதையை நடத்திச் செல்பவர்) கையில் துணைப் பாத்திரமாக விட்டுவிடலாம். அப்படிச் செய்தால் நிபந்தனைகளை முதலிலேயே எழுத்தில் சொல்லுங்கள்: கொல்லலாமா, காதல் கதை வைக்கலாமா, கடந்த காலத்தை மாற்றலாமா. கொடுத்த பிறகு திரும்பிப் பார்த்துத் திருத்தக் கூடாது. அவ்வளவு தாராளம் மனதில் இல்லையென்றால், அதிலும் தவறில்லை, 'இவரை யாரும் எழுத வேண்டாம், பெயர் மட்டும் குறிப்பிடலாம்' என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான குழுக்கள் மதிக்கும்.

படி 6: பொறுப்புகளைக் கைமாற்றுங்கள்

சாதாரண உறுப்பினராக இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம். அட்மின், மாடரேட்டர், ஜிஎம் என்றால் நின்று செய்யுங்கள்.

டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் சர்வரின் உரிமையாளர் நீங்கள் என்றால், உரிமையை இன்னொருவருக்கு மாற்றாமல் வெளியேற முடியாது. மாற்றிய பிறகு புது உரிமையாளரே மனது வைத்துக் கொடுத்தால்தான் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். எனவே சுறுசுறுப்பானவர் என்பதைவிட, சண்டை வந்தால் நிதானமாக இருப்பவர் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கணக்கில் ஓடும் பாட்கள் (தானியங்கி நிரல்கள்), உங்கள் டிரைவில் இருக்கும் கேரக்டர் பட்டியல், உலக வரைபடம், காலவரிசை, சர்வருக்காக நீங்கள் கட்டிவரும் சந்தா என எல்லாவற்றையும் மாற்றுங்கள் அல்லது நிறுத்துங்கள். கோப்புகளைப் பகிர்ந்தால் மட்டும் போதாது. உங்கள் கணக்கை என்றாவது மூடினால் அவை போய்விடும், அவர்கள் தங்களுக்கென நகல் எடுத்துக்கொண்டார்களா என்று கேளுங்கள்.

ஜிஎம் என்றால் மனதில் மட்டும் வைத்திருந்த ரகசியங்களை எழுதிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தை அனுப்பியது யார், கோட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது, எந்த மந்திரி துரோகி. ஒரு பக்கம் போதும். அவர்கள் அதை மாற்றிக்கொண்டாலும் மாற்றட்டும். பாதியில் நிற்கும் புகார்கள் இருந்தால் மாடரேட்டர்களிடம் மட்டும் சொல்லுங்கள்.

கைமாற்றிய பிறகு ஒரு வாரம் சந்தேகம் கேட்கலாம் என்று சொல்லுங்கள். 'ஆலோசகர்' என்ற பெயரில் தங்கிவிடாதீர்கள். அப்படித் தங்கியவர் பழைய வேலையைப் பட்டம் இல்லாமல் தொடர்ந்து செய்துகொண்டிருப்பார்.

நான் போனால் எல்லாம் நின்றுவிடும் என்ற பயம் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அதிகம். ராய் ட்ரப்ஷா 1978-ல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில், பலர் ஒரே நேரத்தில் புகுந்து விளையாடும் எழுத்து உலகமான 'மட்'டை எழுதத் தொடங்கினார். அதை ரிச்சர்ட் பார்ட்டிலிடம் விட்டுவிட்டு அவர் விலகினார், பார்ட்டில் அதை மேலும் வளர்த்தார். ஆக, இந்த உலகங்களில் முதன்மையான ஒன்றே கை மாறித்தான் வளர்ந்தது. உங்கள் சர்வர் நின்றாலும் நிற்கலாம், அப்படி நின்றால் அது இத்தனை நாளும் உங்கள் ஒருவரின் சக்தியில்தான் ஓடியது என்று அர்த்தம். நீங்கள் களைத்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

படி 7: எழுதியதைப் பத்திரப்படுத்துங்கள்

வெளியேறும் முன்பே செய்ய வேண்டியது இது. தனிச் சர்வரை விட்டு வந்த பிறகு பழைய பதிவுகளைப் படிக்க முடியாது.

டிஸ்கார்டின் அமைப்புகளில் உங்கள் தரவைக் கேட்டு வாங்கும் வசதி உண்டு. வந்துசேர 30 நாள் வரை ஆகலாம். அதில் நீங்கள் அனுப்பியவை மட்டுமே இருக்கும், பார்ட்னரின் வரிகள் இருக்காது. தனித்தனி வரிகளாகக் கிடைப்பதால் காட்சியாகப் படிக்கவும் முடியாது. டப்பர்பாக்ஸ் போன்ற பாட் வழியாகக் கேரக்டர் பெயரில் பதிவிட்டிருந்தால், அந்தப் பதிவுகள் உங்கள் கணக்கின் மெசேஜாக இருப்பதில்லை, எனவே இந்தத் தொகுப்பை நம்ப முடியாது. மனதுக்கு நெருக்கமான காட்சிகளை நீங்களே ஒரு கோப்பில் ஒட்டி வையுங்கள். எல்லாவற்றையும் எடுக்க முயன்று மறுபடி களைத்துப்போக வேண்டாம். 'மொத்தமாக இறக்கித் தருகிறேன்' என்று சொல்லும் யாரிடமும் கணக்கைத் திறக்கும் சாவி போன்ற டோக்கனையோ பாஸ்வேர்டையோ கொடுக்காதீர்கள்.

தயவுசெய்து உங்கள் பழைய பதிவுகளை அழித்துவிட்டுப் போகாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். உரையாடலில் பாதியை உருவிவிட்டால் மீதிப் பாதி அர்த்தமிழக்கும், அந்தப் பாதியில் இன்னொருவரின் பல மாத உழைப்பு இருக்கிறது. உங்கள் அடையாளம் வெளிப்படும் தகவல் எங்காவது இருந்தால் அதை மட்டும் நீக்குங்கள். டிஸ்கார்ட் கணக்கையே அழித்தாலும் பதிவுகள் தானாக மறைந்துவிடாது, உங்கள் பெயருக்குப் பதில் நீக்கப்பட்ட பயனர் என்று காட்டும். சேர்ந்து எழுதியதை ரசிகர் கதைகளுக்கான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் போட்டிருந்தால், படைப்பை வைத்துவிட்டு உங்கள் பெயரை மட்டும் அதிலிருந்து பிரித்துக்கொள்ளும் வசதி அங்கே இருக்கிறது.

உங்கள் கேரக்டரை வேறு கதையில் எழுதிக்கொள்ளலாம், அவன் உங்களுடையவன். பார்ட்னர் எழுதிய வரிகளை அவரைக் கேட்காமல் எங்கும் வெளியிடாதீர்கள்.

படி 8: பொதுவாக விடைபெறுங்கள்

பார்ட்னர்களுக்குச் சொன்ன மறுநாள் பொது அறிவிப்பு. கிளம்பும் தேதி, கேரக்டர்கள் என்ன ஆனார்கள், எதற்கு யாரைக் கேட்க வேண்டும், ஒரு நன்றி. மனக்குறைகளை இங்கே கொட்டாதீர்கள். நியாயமான குறையாக இருந்தாலும், போகிற ஆள் பொதுவில் சொன்னால் அது ஒரு வாரச் சண்டையாக மாறும், திருத்தம் நடக்காது. சொல்லியே ஆக வேண்டும் என்றால் அட்மினுக்குத் தனியாக எழுதுங்கள்.

நன்றியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 'எல்லோருக்கும் நன்றி' என்பதைவிட, "மழைக்காலச் சந்தைக் காட்சியை நாம் ஆறு பேர் விடியற்காலை வரை எழுதினோமே, அதை மறக்க மாட்டேன்" என்ற ஒரு வரி மனதில் நிற்கும்.

அறிவிப்பைப் போட்ட பிறகு ஒரு நாள் இருந்து பதில்களைப் படியுங்கள். சொன்ன தேதியில் வெளியேறுங்கள். ம்யூட் செய்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கலாமா என்றால், சிலருக்கு அது சரிப்படும். பட்டியலில் அந்த ஐகானைப் பார்த்தாலே நெஞ்சு இறுகுகிறவர்களுக்குச் சரிப்படாது.

இந்தப் படிகளில் எதுவும் வேண்டாத நிலை

தொல்லை, மிரட்டல், விருப்பமில்லாத காட்சிகளை எழுத வற்புறுத்துவது, உங்கள் அந்தரங்கத் தகவலைத் தோண்டுவது போன்றவை நடந்திருந்தால் மேலே சொன்ன மரியாதைகள் எதையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிளாக் செய்யுங்கள், தளத்துக்குப் புகார் கொடுங்கள், உடனே வெளியேறுங்கள். விளக்கம் தர வேண்டிய அவசியம் இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் போதும்.

படி 9: வெளியேறிய பிறகு

முதல் சில நாட்கள் கை தானாகப் போனை எடுக்கும். சர்வரில் என்ன நடக்கிறது என்று நண்பரிடம் கேட்கத் தோன்றும். கதையைப் பற்றி என்னிடம் சொல்லாதே, உன்னைப் பற்றிச் சொல் என்று அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். கதை இல்லாமல் பேசும்போது சில நட்புகள் இன்னும் நெருங்கும், சில மெதுவாக ஓய்ந்துபோகும். ஓய்ந்தவை பொய்யான நட்புகள் அல்ல. கதைதான் அவர்களுக்கும் உங்களுக்கும் பொதுவாக இருந்தது, அது உண்மையான காலமே.

உடனே வேறொரு சர்வரில் சேராதீர்கள். வெற்றிடம் இருப்பதாகத் தோன்றும், நிரப்பத் துடிக்கும். அதே பழக்கங்களோடு போனால் மூன்று மாதத்தில் அதே இடத்தில் நிற்பீர்கள். எழுத ஆசை வந்தால் யாரும் காத்திருக்காத ஏதாவது ஒன்றை எழுதுங்கள், அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி.

என்றாவது திரும்பத் தோன்றினால் திரும்பலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அட்மினிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒரே ஒரு கேரக்டர், ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்டுக்கு மேல் வேண்டாம், பொறுப்பு எதுவும் வேண்டாம் என்று வரம்பு வையுங்கள். வாரத்துக்கு எத்தனை பதிவு எழுதுவீர்கள் என்பதை முதல் நாளே பார்ட்னரிடம் சொல்லிவிடுங்கள்; அதுவும் உங்களால் முடியும் என்று தோன்றுவதில் பாதியைச் சொல்லுங்கள்.